பாஸ்காவுக்குப் பொறுப்பு ஏற்கச் சொல்கிறார்களா? கொஞ்சம் பொறுங்கள்

2024இல் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 14ஆம் தேதி வந்தது. அதற்கு முந்தின ஞாயிறு பூசை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது எங்கள் கோவில் சாமியார், பங்குத்தந்தை, கூப்பிட்டார். "தம்பி, இந்த வருசம் பாஸ்கா போடலாம்னு பேரவையில பேசியிருக்கோம். காலேஜ்ல நாடகமெல்லாம் போட்டிருக்கீங்களாமே, கொஞ்சம் கூட நின்னு பாத்துக்கோங்க." பேரவை என்றால் பங்கின் நிர்வாகக் குழு. செலவைப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றார். அவர் மேல் குற்றமில்லை, நல்ல மனிதர். ஆனால் அந்தப் ‘பாத்துக்கலாம்’ என்ற ஒற்றைச் சொல் எனக்கு 25,000 ரூபாயையும் ஒன்பது நாள் விடுப்பையும் தின்றது. 62 கிலோ எடையுள்ள ஒரு பையன் எண்ணூறு பேர் பார்க்கச் சிலுவையில் மயங்கித் தொங்கியதற்கும் வேர் அந்தச் சொல்லில்தான் இருந்தது. எனக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்று அந்த வாரம் முழுக்க ஏங்கினேன். இதை எழுதுவது அதற்காகத்தான்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வரி: இயேசுவின் பாடுகளை மேடையில் நடிப்பதை எங்கள் பக்கம் பாஸ்கா என்போம். தவக்காலத்தின் கடைசியிலோ, ஊர் வழக்கப்படி உயிர்ப்புப் பெருவிழாவை (ஈஸ்டரை) ஒட்டியோ நடக்கும். யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கமும் பாடுகளின் நாடகத்துக்குப் பழைய மரபு உண்டு. ஜெர்மனியின் ஓபரமர்கவ் ஊரில் 1633இல் கொள்ளைநோய்க் காலத்தில் நேர்ந்துகொண்டு 1634இல் தொடங்கியதைப் பத்து ஆண்டுக்கு ஒரு முறை இன்றும் போடுகிறார்கள். 2020இல் கொரோனா வந்ததால் 2022க்குத் தள்ளிப்போனது. அவர்களுக்கு ஆயத்தத்துக்கே ஒரு வருடத்துக்கு மேல். நமக்கு நாற்பது நாள்கூட முழுசாகக் கிடையாது. நாங்கள் குருத்து ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை, மார்ச் 23, என்று குறித்தோம். சாம்பல் புதனிலிருந்து எண்ணினால் கையில் இருந்தது 38 நாள்.

நாள் குறிப்பதிலேயே முதல் தவறு. பங்கின், அதாவது எங்கள் கோவிலைச் சேர்ந்த குடும்பங்களின், இளையோரில் பாதிப்பேர் மாணவர்கள். பிளஸ் டூ தேர்வு மார்ச் 1 முதல் 22 வரை, பத்தாம் வகுப்புக்கு 26இல் தொடக்கம். ரோமைப் படைச் சேவகர்களாகப் பெயர் கொடுத்த பதினாலு பேரில் எட்டுப் பேர் மூன்றாம் வாரம் காணாமல் போனார்கள். அம்மாக்கள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், அதுவும் நியாயம்தான். பாத்திரம் பிரிப்பதற்கு முன்னால் தேர்வு அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். தேர்வு எழுதுகிறவர்களுக்குக் கூட்டத்தில் நிற்கும் வேலை மட்டும் கொடுங்கள், அதற்கு இரண்டு ஒத்திகை போதும். அடுத்தது தேர்தல். மார்ச் 16ஆம் தேதி மக்களவைத் தேர்தல் அறிவித்ததும் நடத்தை விதிகள் வந்துவிட்டன. ஒலிபெருக்கி அனுமதிக்கு மனுவை அதற்கு முன்பே கொடுத்திருந்தால் ஒரு நாள் வேலை. பிறகு போனதால் நான்கு முறை அலைந்தேன். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் ஆவணம் கேட்பார்கள் என்பதால் பந்தல், ஒலி ஒளி, உடைக்காரர் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டிய முன்பணத்தை இரண்டு தவணையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தேர்தல் இல்லாத வருடத்திலும் ஒன்று மாறாது: இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. ஒன்றரை மணி நேர நாடகம் என்றால் 7 மணிக்கு முதல் மணி அடித்தாக வேண்டும். நம் ஊரில் 7 மணி என்று போட்டால் ஏழே முக்காலுக்குத்தான் தொடங்கும் என்பதையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத்தான் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பேரவை வாய்மொழியாகச் சொன்னது 80,000. ஆன செலவு இப்படி: மேடையும் பந்தலும் 26,000, ஒலி ஒளி ஜெனரேட்டர் சேர்த்து 38,000, உடை வாடகை 24,000, ஸ்டுடியோ ஒலிப்பதிவு 9,500, ஒப்பனைக்காரருக்கு 7,000, சிலுவைக்கும் வெல்டிங்குக்கும் 11,500, ஒத்திகை நாட்களின் டீ, பன், கடைசி நாள் சாப்பாடு 14,000, சில்லறை 6,000. கூட்டிப் பாருங்கள், 1,36,000. அன்பியங்கள், அதாவது பங்கின் அக்கம்பக்கக் குடும்பக் குழுக்கள், வசூலித்துத் தந்தது 21,000. மீதி 35,000 என் கையிலிருந்து போனது. அதில் 10,000 ஜூன் மாதம் திரும்பி வந்தது. மிச்சத்தைக் கேட்க எனக்குக் கூச்சம், கொடுக்க அவர்களுக்கு ஞாபகமில்லை. கவனியுங்கள், எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடும் இனம் டீயும் பன்னும். நாற்பது பேர், தினமும் இரவு ஏழரை முதல் பத்து வரை ஒத்திகை. ஒரு நாள் டீச் செலவைக் கேட்டால் யாரும் பெரிதாக நினைக்க மாட்டார்கள், மாதக் கடைசியில்தான் தலை சுற்றும். எனவே பொறுப்பு ஏற்கும் அன்றே ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதிப் பங்குத்தந்தையிடமும் பேரவைச் செயலரிடமும் கையெழுத்து வாங்குங்கள்: எவ்வளவு வரை பங்கு தரும், அதற்கு மேல் போனால் யாரிடம் கேட்டுவிட்டுச் செலவு செய்ய வேண்டும், கடைக்காரருக்குப் பணம் கொடுக்கப்போவது யார். மூன்றாவதுதான் முக்கியம். கடைக்காரர் கேட்கும்போது உங்கள் சட்டைப்பையிலிருந்து எடுத்தீர்களானால், ஊர் அதைக் காணிக்கை என்றே எடுத்துக்கொள்ளும். கோவில் விஷயத்தில் கணக்கு கேட்பதா என்று மனசு உறுத்தும். எனக்கும் உறுத்தியது. கேட்காமல் விட்டபின் பூசையில் காணிக்கைத் தட்டு வரும்போதெல்லாம் இன்னும் மோசமாக உறுத்தியது.

உடை வாடகையில் ஒரு பொறி இருக்கிறது. ரோமைச் சேவகர் கவசம், தலைக்கவசம், சிவப்புப் போர்வை, தலைமைக் குரு கயபாவின் அங்கி எல்லாம் நாள் கணக்கில்தான் வாடகை. சனிக்கிழமை நாடகம், ஞாயிறு குருத்து ஞாயிறு, திங்களன்று வண்டி கிடைக்கவில்லை, செவ்வாய்தான் திருப்பிக் கொடுத்தோம். மூன்று நாள் கூடுதல் வாடகை. மேலே சொன்ன 24,000இல் அதுவே கால்வாசி. போதாததற்கு இரண்டு தலைக்கவசத்தில் கொண்டை உடைந்திருந்தது, முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். எடுத்துவரும் அன்றே கடை மேசையில் வைத்து ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். திருப்பி அனுப்பும் வண்டிக்கு நாடகத்துக்கு முன்பே சொல்லிவையுங்கள். சாட்டின் அங்கிகளை எல்லாருக்கும் எடுக்கத் தேவையில்லை. கூட்டத்துக்குப் பழைய வேட்டி, போர்வை, பெண்களுக்குக் கரையில்லாத பருத்திச் சேலை போதும்; விளக்கில் அவைதான் இயல்பாகத் தெரியும், சாட்டின் பளபளவென்று பள்ளி ஆண்டுவிழா போல அடிக்கும். கூட்டம் முழுக்க ஒரே நிறத்தில் நிற்க வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிலுவைச்சாவுக்கு யூத இனம் முழுவதையும் குற்றம் சொல்லக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே சொல்லிவிட்டது, ஓபரமர்கவ்க்காரர்களும் தங்கள் நாடக வசனத்தைத் திருத்திக்கொண்டார்கள். நம் பழைய கையெழுத்துப் பிரதிகளில் மத்தேயு 27:25ஐ ஒட்டி, ‘இவன் இரத்தப்பழி எங்கள் மேலும் எங்கள் பிள்ளைகள் மேலும் விழட்டும்’ என்று கூட்டம் கத்தும் வசனம் பத்து முறை வரும். அதைக் குறையுங்கள். கூட்டத்துக்குள்ளேயே தயங்குகிறவர், அழுகிறவர், எதிர்த்துப் பேசுகிறவர் என்று நான்கு பேரைப் பிரித்துவிட்டால் காட்சிக்கும் உயிர் வரும்.

தாடியைப் பற்றி. ஓபரமர்கவில் முந்தின ஆண்டு சாம்பல் புதனிலிருந்தே தலைமுடியும் தாடியும் வளர்க்க வேண்டும் என்று ஊரிலேயே ஆணை போடுவார்கள். நம்மவர்களுக்கு ஐந்தரை வாரம் கிடைக்கிறது, சீடர்களுக்கு அது தாராளம். ஒட்டுத்தாடி வேண்டியவர்களுக்கு ஸ்பிரிட் கம் என்ற ஒப்பனைப் பசையைத் தடவும் முன், முந்தின நாளே முழங்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். எங்கள் ஏரோது மன்னனுக்குக் கன்னம் சிவந்து வீங்கிவிட்டது. கழற்றும்போது பிய்த்து இழுக்காமல் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து எடுக்க வேண்டும். விக்குகள் பெரும்பாலும் நைலான். இயேசுவைப் பிடிக்கும் கெத்சமனித் தோட்டக் காட்சியில் நிஜத் தீப்பந்தம் ஏந்தி வர வேண்டும் என்று ஒரு கோஷ்டி கட்டாயம் அடம் பிடிக்கும். நைலான் விக், சாட்டின் போர்வை, மண்ணெண்ணெய்ப் பந்தம் மூன்றும் மூன்றடி தூரத்தில் சேர்ந்து நிற்பதை நினைத்துப் பாருங்கள். மூங்கில் நுனியில் பேட்டரி எல்.ஈ.டி. விளக்கைக் கட்டி ஆரஞ்சு ஜிகினாத் தாளைக் கசக்கிச் சுற்றினால் இருட்டில் வித்தியாசமே தெரியாது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை, அதற்காக எனக்குப் ‘பயந்தாங்கொள்ளி டைரக்டர்’ என்று பெயரும் கிடைத்தது.

ஒலிக்கு வருவோம். எங்கள் ஊர்களில் வசனத்தை முன்பே ஸ்டுடியோவில் பதிவு செய்துவிட்டு, மேடையில் வாயசைப்பதே வழக்கம். நாற்பது பேருக்கு மைக் மாட்ட முடியாது என்பதால் அது சரியான வழி. ஆனால் மூன்று இடத்தில் கழுத்தறுக்கும். முழு நாடகத்தையும் ஒரே நீளக் கோப்பாக வாங்கிவிடாதீர்கள். ஒரு காட்சிக்கு ஒரு கோப்பு என்று 22 காட்சிக்கும் 22 கோப்பு, பெயரின் முன்னால் 01, 02 என்று எண். மிக்சரில் நேராகச் சொருகும் பென் டிரைவ் என்றால் அதை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யுங்கள், பல மிக்சர்கள் மற்றதைப் படிப்பதில்லை. மூன்றாவதுதான் எங்களை வீழ்த்தியது. பென் டிரைவில் போட்டால் ஒரு கோப்பு முடிந்ததும் அதுவாகவே அடுத்ததுக்குத் தாவிவிடும். காட்சி மாற்ற இரண்டு நிமிடம் வேண்டும், அதற்குள் அடுத்த வசனம் ஓடத் தொடங்கியிருக்கும். ஒன்று, மடிக்கணினியிலிருந்து ஒவ்வொன்றாக ஓட்டுங்கள், ஒரு கோப்போடு நிற்கும்படி அமைத்து. இல்லையென்றால் ஒவ்வொரு கோப்பின் வாலிலும் மூன்று நிமிட நிசப்தத்தை ஸ்டுடியோவிலேயே ஒட்டி வாங்குங்கள். ஒலிப்பெட்டிப் பக்கத்தில் நாடகம் தெரிந்த உங்கள் ஆள் ஒருவர் கைப்பிரதியோடு உட்கார வேண்டும். ஒலிக்காரருக்கு எது பிலாத்து எது கயபா என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. பின்னணிக்குச் சினிமா இசையைப் போட்டுவிட்டு யூடியூபில் நேரலை விடாதீர்கள்; காப்புரிமையில் மாட்டி ஒலி அறுந்துவிடும், வெளிநாட்டிலிருந்து பார்க்கும் உறவுக்காரர்கள் ஊமைப்படம்தான் பார்ப்பார்கள்.

மின்சாரத்தில் ஒன்றே ஒன்று. பாதம் கழுவும் காட்சி. வெறுங்காலோடு பதிமூன்று பேர், மேடையில் தண்ணீர், பலகை இடுக்கில் விளக்கு ஒயர். ஒரு செம்பு தண்ணீர் மட்டும், அகலத் தாம்பாளம், கீழே தடித்த துண்டு. மேடைக்கு வரும் இணைப்பில் கசிவு கண்டால் உடனே துண்டிக்கும் சுவிட்ச் இருக்கிறதா என்று ஒளிக்காரரிடம் கேளுங்கள், அவர் சோதனைப் பித்தானை அமுக்கிக் காட்டும்வரை நகராதீர்கள்.

இனிச் சிலுவை. இரண்டு சிலுவை வேண்டும், இதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். சுமக்கும் சிலுவை வேறு, அறையும் சிலுவை வேறு. பத்தடி உயரம், ஐந்தரை அடிக் குறுக்கு, ஐந்துக்கு நான்கு அங்குலக் கனத்தில் முழு மரத்தில் செய்தால் 40 கிலோ வந்துவிடும். மூன்று முறை விழுந்து எழ வேண்டிய பையனுக்கு அது ஆகாது. 6 மில்லிமீட்டர் பிளைவுட்டில் உள்ளே பொள்ளலாகப் பெட்டி போல அடித்து, உள்ளே குறுக்குச் சட்டம் வைத்தால் 11, 12 கிலோவில் முடிந்துவிடும். தரையில் இழுபடும் நுனியில் மட்டும் ஒரு முழு மரத்துண்டைச் செருகுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் ஒத்திகையிலேயே பிளைவுட் கிழியும். அங்கிக்குள் வாலிபால் ஆட்டக்காரர்கள் போடும் முட்டிக்கவசம். சிலுவைப்பாதையின் 3, 7, 9ஆம் நிலைகளில் விழும்போது சிலுவை முதுகின் மேல் விழாமல் பக்கவாட்டில் சாய வேண்டும். வால் பக்கம் வரும் சேவகன் அதைப் பிடித்துக்கொள்வான், அவனுக்கு அந்த ஒரு வேலைதான். இயேசுவின் முகம் பதியும் வெரோனிக்கா துணிக்கு இரண்டு துணியை மேல் விளிம்பில் தைத்து, முகம் வரைந்ததை உள்ளே மடித்து வைத்தால் ஒரு உதறலில் திறந்துகொள்ளும். முள்முடிக்குக் கருவேல முள் கூடாது, கண் போகும். காட்டுக்கொடியைச் சுற்றி வளையமாக்கி, சைக்கிள் டியூபைச் சரிவாக நறுக்கிய துண்டுகளை ஒட்டிப் பழுப்பு வண்ணம் பூசினால் போதும்.

சாட்டையடி, அடிதடி எல்லாவற்றுக்கும் ஒரே விதி: வேகத்தை முடிவு செய்வது அடிவாங்குகிறவன். அவன் முதுகை வளைத்து அலறிய பிறகுதான் சாட்டை இறங்க வேண்டும், அதுவும் தரையில். ஒத்திகையில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், கூட்டம் ஆரவாரம் செய்ததும் சேவகப் பையன்களுக்கு ரத்தம் சூடாகிவிடும். எனவே சாட்டையே வலிக்காததாக இருக்கட்டும். பழைய பருத்தித் துணியைக் கீற்றாகக் கிழித்துப் பின்னி, நுனியைச் சிவப்புக் கரைசலில் நனைத்துவிட்டால் படும் இடமெல்லாம் அதுவே கோடு போடும். சத்தத்தை ஒலிப்பதிவில் வைத்துக்கொள்ளலாம். ரத்தத்துக்குக் குங்குமம், ஹோலிப் பொடி வேண்டாம், தோல் எரியும். அரை லிட்டருக்கு: சர்க்கரைப் பாகு, இரண்டு மேசைக்கரண்டி சோளமாவு கரைத்துக் காய்ச்சியது, சிவப்பு உணவு நிறமி இரண்டு தேக்கரண்டி, நிறம் இறங்க ஒரு தேக்கரண்டி கோக்கோத் தூள். ஆடையில் தெளிப்பதற்குத் தனியாக எடுத்து அதில் கொஞ்சம் ஷாம்பு கலந்தால் துவைக்கும்போது போகும். இதில் எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு துன்பம் எறும்பு. முதல் உடையலங்கார ஒத்திகை முடிந்து அங்கியைச் சாக்ரிஸ்தி (பூசை உடைகள் வைக்கும் அறை) அலமாரியில் அப்படியே மடித்து வைத்துவிட்டோம். மறுநாள் இயேசு ‘ஐயோ அம்மா’ என்று குதித்தது பாடுகளினால் அல்ல.

அறையும் சிலுவையை மூன்று அங்குலச் சதுர இரும்புப் பைப்பில் செய்து மேலே பலகை போர்த்துவதுதான் நல்லது. பதினொரு அடி நீளம், அதில் இரண்டரை அடி குழாய்ச் சட்டைக்குள், அதாவது அடியைச் செருகும் பெரிய குழாய்க்குள், இறங்க வேண்டும். அந்தச் சட்டை மேடைப் பலகையில் அல்ல, மேடையைத் துளைத்துக் கீழே தரையில் நிற்க வேண்டும். பலகையில் பொருத்தினால் முழுச் சுமையும் நான்கு ஆணியில். இடைவெளியில் மர ஆப்பு. ஆளின் எடையைத் தாங்குவது பாதப்பலகை, கை அல்ல. கோவணத்துக்குள் கட்டிட வேலைக்காரர்கள் போடும் பாதுகாப்புப் பெல்ட், அதன் கொக்கி சிலுவையின் பின்பக்க வளையத்தில். கைக்குக் கயிறு கட்டவே கூடாது. ஆணித்தலை மாதிரி வளைத்த 8 மில்லிமீட்டர் கம்பியை விரல்களுக்கிடையில் அவனே பிடித்துக்கொள்ளட்டும், விட வேண்டும் என்றால் விடலாம். ஆளை வைத்துச் சிலுவையைத் தூக்கி நிறுத்துவதற்கு நான் எதிரி. தூக்கும்போது அடி வழுக்கினால் தடுக்க வழியில்லை. விளக்கை அணைத்து, ஏற்கெனவே நிற்கும் சிலுவையில் பின்பக்க ஏணி வழியாக ஏற்றிவிட்டு, மறுபடி வெளிச்சம் போடுங்கள். ஜனங்களுக்கு நெஞ்சு அடைக்கத்தான் செய்யும். தூக்கித்தான் தீர வேண்டும் என்று பெரியவர்கள் பிடிவாதம் பிடித்தால், முதல் மூன்று ஒத்திகையும் 70 கிலோ மணல் மூட்டையைக் கட்டித் தூக்கிக் காட்டுங்கள். சில ஊர்களில் கை மடங்கும் சுரூபத்தையே, அதாவது சிலையையே, சிலுவையில் வைத்து இறக்குகிறார்கள். அவர்கள் விவரமானவர்கள்.

எங்களுக்கு நடந்தது இதுதான். சிலுவைக் காட்சி 10 நிமிடம் என்று எழுதியிருந்தேன். சிலுவையில் சொன்ன ஏழு வாக்குகளில் லூக்காவில் மூன்று, யோவானில் மூன்று, மத்தேயுவும் மாற்குவும் சொல்வது ஒன்று. இடையிடையே இசையோடு பத்து நிமிடம் போதும். ஐந்தாவது வாக்கு முடிந்ததும் இசைக்கோப்பு முடிந்து, பென் டிரைவ் அடக்கக் காட்சிக்குத் தாவியது. ஒலிக்காரர் பதறிக் காட்சியை முதலிலிருந்து போட்டார். மேடையில் எல்லோரும் மறுபடி முதல் வாக்கிலிருந்து. 17, 18ஆவது நிமிடம் அவன் தலை தொங்கியது. அற்புதமாக நடிக்கிறான் என்று நானே நினைத்தேன். மகதலா மரியாவாக நின்ற அக்காதான் அவன் கால் நடுங்கி மடங்குவதைப் பார்த்து, "திரையைப் போடுங்கடா, புள்ளைக்கு என்னமோ ஆச்சு" என்று வசனத்தில் இல்லாததைக் கத்தினார். கூட்டத்தில் அதையும் நடிப்பு என்றே எடுத்துக்கொண்டு அழுதார்கள். பெல்ட் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. இறக்கிப் படுக்கவைத்துக் காலை உயர்த்தியதும் ஒரு நிமிடத்தில் கண் திறந்தான். அன்று காலையிலிருந்து அவன் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, நேர்ச்சையாம். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரவு முழுக்க மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏறியது, விடியற்காலை வீடு வந்தான். அவன் அம்மா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

அசையாமல் நிமிர்ந்து நின்றால் ரத்தம் காலில் தேங்கி மூளைக்கு ஏறுவது குறைகிறது. வயிறும் காலி, உடம்பில் தண்ணீரும் இல்லை என்றால் எவனும் மயங்குவான், பெல்ட்டில் தொங்கும்போது இன்னும் சீக்கிரம். ஆகவே 10 நிமிடத்துக்கு மேல் யாரையும் நிறுத்தாதீர்கள். கெண்டைக்காலை இறுக்கித் தளர்த்தி, பாதப்பலகையில் எடையை மாற்றி மாற்றி நிற்கச் சொல்லிக்கொடுங்கள். நேர்ச்சை இருந்தால் அதை வேறு நாளுக்கு மாற்றும்படி பங்குத்தந்தையையே சொல்லச் சொல்லுங்கள், உங்கள் பேச்சு எடுபடாது. ஏறுவதற்கு முன் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர். முடியவில்லை என்றால் இடது கையை மூன்று முறை மூடித் திறப்பது சைகை. அதைப் பார்த்துக்கொண்டே இருக்க, சிலுவையடியில் நிற்கும் நடிகர் ஒருவரும் பக்கத்திரையில் ஒருவரும். சைகையோ சந்தேகமோ வந்தால் யாரையும் கேட்காமல் விளக்கை அணைக்கும் அதிகாரம் அந்த இருவருக்கும் உண்டு என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். அடுத்து, யூதாசு. தயவுசெய்து கழுத்தில் கயிறு மாட்டாதீர்கள், போலிச் சுருக்காக இருந்தாலும். 2012 புனித வெள்ளியன்று பிரேசிலின் இத்தராரே ஊரில் யூதாசாக நடித்த இளைஞருக்கு அந்தக் காட்சியில் கழுத்து இறுகி, நடிப்பு என்றே சுற்றியிருந்தவர்கள் சில நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; பிறகு மருத்துவமனையில் இறந்துபோனார். வெள்ளைத் திரைக்குப் பின்னால் வைக்கோல் பொம்மையின் நிழல் போதும். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

இயேசு யார் என்பதில் அன்பியத்துக்கு அன்பியம் நடக்கும் சண்டையைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கதை. குரல் வேறு ஒருவருடையது என்பதால் நடிப்பை விட உடம்பையும் பொறுமையையும் பார்த்து எடுங்கள். 60 முதல் 65 கிலோ, நல்ல தூக்கம் உள்ளவன், வேலைக்கு வெளியூர் போகாதவன். அவனுக்கும் யூதாசுக்கும் மாற்று ஆள் முதல் நாளிலிருந்தே ஒத்திகைக்கு வர வேண்டும். எங்களிடம் மாற்று ஆள் இருந்ததால்தான் அன்று உயிர்ப்புக் காட்சி நடந்தது. இதைத் திட்டமிட்டே செய்யலாம்: அடக்கத்துக்கும் உயிர்ப்புக்கும் நடுவில் நான்கு நிமிடம்தான், ரத்தப் பாகை முடியிலிருந்து அலச அது பத்தாது. இரண்டு விக், இரண்டு வெள்ளை அங்கி, முடிந்தால் இரண்டு ஆள். வெள்ளொளியைப் பின்னாலிருந்து அடித்தால் முகம் தெரியாது. கோவில் திரை கிழியும் காட்சிக்கு இரண்டு பாதித் துணியை ஒற்றை நூலில் ஓட்டுத்தையல் போட்டு இரு பக்கமும் இழுங்கள். முழுத்துணியைக் கிழிக்க முயன்று மானம் போன ஊர்கள் உண்டு. எருசலேம் நுழைவுக்குக் கழுதை வேண்டாம். பறை அடித்ததும் அது எந்தப் பக்கம் ஓடும் என்று கழுதைக்கே தெரியாது.

பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் உடை மாற்றத் தனித்தனி அறை, ஒவ்வொன்றிலும் எப்போதும் இரண்டு பெரியவர்கள். ஒத்திகை முடிந்து பிள்ளைகளை யார் கூட்டிப்போகிறார்கள் என்பதற்கு ஒரு நோட்டு. இதற்கெல்லாம் என்ன நோட்டு என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

நாடகம் முடிந்த மறுநாள் எனக்கு யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை. குருத்தோலை பிடிக்கக்கூடப் போகவில்லை. பெரிய வெள்ளியன்று நிஜ சிலுவை வழிபாட்டில் உட்கார்ந்திருந்தபோது என் மனசு பாதப்பலகையின் அளவைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. ஆண்டு முழுக்கக் காத்திருந்த வாரம் அது, எனக்கு வெறும் வேலையாகப் போய்விட்டது. இதையும் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை செய்தால், நாடகத்துக்குப் பிந்தின வாரத்தில் பொருள் ஒப்படைப்பு, கணக்கு, மேடை பிரிப்பு எதையும் நான் தொடப்போவதில்லை. அதற்கு மூன்று பேரை முதல் கூட்டத்திலேயே பெயர் எழுதி நியமித்துவிடுவேன்.

ஆம், அடுத்த முறை. போன மாதம் அந்தப் பையன் வழியில் பார்த்து, "அண்ணே, மறுபடி போட்டா நான்தான் இயேசு, சொல்லிட்டேன்" என்றான். சாப்பிட்டுவிட்டு வருவாயா என்று கேட்டேன். சிரித்தான், பதில் சொல்லவில்லை. சுமக்கும் சிலுவை இப்போது மணிக்கூண்டுக்குக் கீழே இருக்கிறது. பிளைவுட்டைத் தரையில் படுக்கப் போட்டால் ஒரு மழைக்காலத்தில் கரையான் தின்றுவிடும். இரண்டு செங்கல் மேல் நிறுத்தி, அடியில் கழிவு எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன்.